அரை அங்குல நட்டு

1927 செப்டம்பர் 11, ஞாயிறு

பூசைக்குப் போனோம். வந்தோம். அக்கா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டேன். ருசி இல்லை என்று சொல்ல முடியாது, கவனிக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு இன்னாசி மாமா விஷயத்தைச் சொன்னார். கொச்சியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலை ஆழப்படுத்துகிறார்கள். மண் வாரும் கப்பலில் அவருக்கு வேலை உறுதியாகிவிட்டது. நவம்பர் இருபதாம் தேதி அவரும் அக்காவும் புறப்பட வேண்டும்.

"லூர்த நாங்க இட்டுகினு போறோம்டா அருளு," என்றாள் அக்கா. "ஒண்டி ஆளு நீ. பொட்டப் புள்ளய வச்சிகினு இன்னா பண்ணுவே?"

சரி என்றேன். யோசிக்க ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. லூர்து என் மகள். நாலரை வயது. என் பெண்சாதி ஐரீன் விஷக் காய்ச்சலில் போய் ஏழு மாதம் ஆகிறது. அவள் போன மறுநாளே அக்காவும் மாமாவும் சட்டி பானையோடு இந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எல்லாருக்கும் இதுதான் நல்லது.

செப்டம்பர் 14

துறைமுகத்தில் மூன்றாம் எண் கிரேனில் வால்வு ஒழுகல். மாற்றினேன். வேறில்லை.

செப்டம்பர் 18, ஞாயிறு

தோட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தோட்டம் என்றால் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கோதண்டத்தின் மதிலுக்கும் நடுவே இருபது அடிக்குப் பதினைந்து அடி. மாமா ஆடியில் ஊன்றிய புடலை பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. பிஞ்சு ஏழு. சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்கட்டும் என்று நுனிக்கு நுனி கல் கட்டியிருக்கிறார். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். ஆனால் அந்தக் கற்கள்! ஒன்று எலுமிச்சங்காய் அளவு, ஒன்று புளியங்கொட்டை அளவு. சணல் ஒரு பக்கமாக இழுக்கிறது. காற்றடித்தால் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. பத்து நிமிஷம் பார்த்தேன். தாங்கவில்லை.

"மாமா, பாரம் நடுவுல விழல."

"இன்னாது?"

"கல்லு கோணலா தொங்குது. காயும் கோணலாத்தான் வரும்."

மாமா வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். இத்தனை மாதத்தில் நானாக எடுத்த முதல் பேச்சு அதுதானாம். அக்கா பிறகு சொன்னாள்.

செப்டம்பர் 19

நட்டு! காலையில் கிரேன் மேல் நிற்கும்போது தோன்றியது. நட்டுக்கு நட்ட நடுவில் துளை. அதில் சணலைக் கோர்த்தால் பாரம் நேர்கோட்டில் விழாமல் எங்கே போகும்? மரை தேய்ந்து குப்பையில் கிடந்த நட்டுகளை ஸ்டோர்காரரிடம் கேட்டேன். அள்ளிக்கொண்டு போ என்றார். கால் அங்குலம், முக்கால், அரை — மொத்தம் பதினொன்று.

என்னோடு வேலை செய்கிற ரஷீது கேட்டான். "இன்னா மாமு, வூட்லயும் கிரேன் வச்சிட்டியா?"

சாயங்காலமே கட்டிவிட்டேன். ஏழும் தூக்குக்குண்டு மாதிரி நிற்கின்றன. லூர்து தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் கேட்காமலே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். முன்பு என்னை நைனா என்று கூப்பிடுவாள். இப்போது எதுவும் கூப்பிடுவதில்லை. எப்போது நிறுத்தினாள்? தெரியவில்லை.

செப்டம்பர் 22

பெரியது காலையில் பதினாலே கால் அங்குலம். சாயங்காலம் பதினாறு! இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டு தடவை அளந்தேன். ஒரு பகலில் ஒன்றே முக்கால் அங்குலம். நான் கிரேனில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இது இங்கே சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

செப்டம்பர் 25, ஞாயிறு

நான் ஒரு மடையன்.

இன்னும் வேகமாக இறங்கட்டும் என்று பெரிய பிஞ்சுக்கு முக்கால் அங்குல நட்டை மாட்டினேன். பூசைக்குப் போய் வந்து பார்த்தால் காம்போடு பிய்ந்து தரையில் கிடக்கிறது. இருபது அங்குலம் இருந்தது. இருபது! ஒவ்வொரு கிரேன் சங்கிலியிலும் எத்தனை டன் தாங்கும் என்று குத்தியிருக்கும். அதைப் பார்க்காமல் ஒரு மூட்டைகூடத் தூக்கவிட மாட்டேன். பிஞ்சில் யார் குத்தி வைப்பார்கள்? கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியுமே — அதுகூடத் தோணலியே எனக்கு.

மதிலுக்கு மேல் கோதண்டத்தின் தலை எழும்பியது. ராயபுரம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எங்கள் புடலைக்குப் போட்டியாக அவரும் ஒரு பந்தல் போட்டிருக்கிறார்.

"இன்னா வாத்தியாரே, தூக்குல போட்டுட்டியா?"

மாமாகூடச் சிரித்துவிட்டார். லூர்து சிரிக்கவில்லை. பிஞ்சை எடுத்துத் துடைத்துக் கிணற்றடியில் நிழலாகப் பார்த்துப் படுக்க வைத்தாள்.

அதை அக்கா சென்னாக்கூனிக் கருவாடு போட்டு வதக்கினாள். நான் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன். கோபத்தில்தான்.

அக்டோபர் 4

மழை! மூன்று மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது, நாலுக்கெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அக்கா வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். ஈர மண் வாசனையும் கடலை வாசனையும் ஒன்றாக வந்தால் ஆள் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது? மாமா முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார், தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்ட. நானும் ஓடினேன். லூர்தும் ஓடி வந்தாள். அக்கா உள்ளே இருந்து, "மூணு பேரும் ஜுரத்துல படுங்க, எனுக்கு இன்னா, நான் பாட்டுக்குக் கடலை துன்றேன்," என்று கத்தினாள்.

அவரையில் முதல் பூ. ஊதா. மழையில் ஒன்றுகூட உதிரவில்லை.

அக்டோபர் 8

மதிலோரக் கிளையில் ஒரு புதுப் பிஞ்சு. காம்பு சுண்டுவிரல் கனம். இதுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. கோதண்டம் தன் பந்தலிலும் ஒன்று அப்படி இருப்பதாகப் பீற்றினார். பந்தயம் கட்டிவிட்டோம்: தீபாவளியன்று எவருடைய காய் நீளமோ அந்தக் காயைத் தோற்றவன் தோளில் சுமந்துகொண்டு கோயில் தெரு முனை வரை போய் வர வேண்டும்.

"இன்னாசி, நீ கொச்சிக்குப் போறதுக்கு மின்ன உன் தோள்ல என் காய ஏத்துறேன் பாரு," என்றார்.

"மொதல்ல உன் காய்க்குக் கல்லு கட்டுய்யா. கூட்ஸ் வண்டி மாறி வளைஞ்சிகினு கீது."

கால் அங்குல நட்டுதான். ஐந்து நாளைக்கு ஒரு படி கூட்டலாம், அதுவும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு. பழைய கணக்கு மறுபடி வேண்டாம்.

அக்டோபர் 12

இதை எப்படி எழுதுவது? எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சிரித்துச் சிரித்து.

காலையில் வேலைக்குப் போகும் வழி முழுக்க முழங்காலுக்குப் பின்னால் ஏதோ தட்டிக்கொண்டே வந்தது. சாவிக்கொத்து என்று நினைத்தேன். துறைமுக கேட்டில் வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டான். உள்ளே போனதும் ரஷீது பின்னாலிருந்து கூவினான்.

"இன்னா மாமு, வாலு மொளைச்சி கீது!"

கோட்டின் பின்பக்கத் தையலைப் பிரித்து வாழை நார் நுழைத்து, அதன் நுனியில் ஒரு அரை அங்குல நட்டு. நாரில் முடிச்சு மட்டும் ஆறேழு, ஒன்றின் மேல் ஒன்று. ராயபுரத்திலிருந்து துறைமுகம் வரை இந்த வாலை ஆட்டிக்கொண்டே போயிருக்கிறேன். எதிரே வந்த பங்குச் சாமியாருக்கு மரியாதையாகத் தோத்திரம் வேறு சொன்னேன்! அவர் திரும்பிப் பார்த்திருப்பாரே!

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலித்தது. ரஷீது பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தான்.

சாயங்காலம் லூர்திடம் நட்டைக் காட்டினேன்.

"எதுக்கும்மா கட்டினே?"

"நீ வளைஞ்சி பூட்டே," என்றாள். "கல்லு கட்னா நேரா பூடுவே."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஐரீனின் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வாஸ்தவம். தோள் இரண்டும் முன்னால் விழுந்து, தலை தொங்கி — இப்படியா நடந்துகொண்டிருக்கிறேன், இத்தனை நாளாக?

நட்டை டப்பாவில் போடவில்லை. கோட்டுப் பையில் இருக்கிறது.

அக்டோபர் 16, ஞாயிறு

முப்பத்தொன்றரை அங்குலம். நேற்றிலிருந்து நாலே கால்! கோதண்டம் தன் காயின் அளவைச் சொல்ல மாட்டேன் என்கிறார். லூர்தை மதில் மேல் தூக்கி உளவு பார்க்கச் சொன்னேன். "அது தொப்பையா கீது," என்று மட்டும் சொன்னாள். நீளமா என்று கேட்டதற்கு, "தொப்பையாத்தான் கீது."

அக்டோபர் 23, ஞாயிறு

நுனிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல்கூட இல்லை. தரையைத் தொட்டால் அழுகிவிடும். என்ன செய்ய? பள்ளம் தோண்டு என்றார் மாமா. பூசை முடிந்து வந்த உடுப்போடு நாலு பேரும் தோண்டினோம். அக்கா மண்ணை முறத்தில் அள்ளினாள். லூர்து பள்ளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டு ஏற மாட்டேன் என்றாள். ஒரு தவளை வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டு பேரும் காயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் இறால் போட்ட புடலங்காய். மாமாவோடு போட்டி போட்டுச் சாப்பிட்டேன். அக்கா சட்டியைச் சாய்த்துக் காட்டினாள், காலி என்று.

அக்டோபர் 24, தீபாவளி

தோற்றோம்! முக்கால் அங்குலத்தில்!

எட்டு மணிக்கே கோதண்டம் வீட்டிலிருந்து வெடிச் சத்தம். அவர் பெண்சாதி சொக்கம்மாள் தட்டு நிறைய அதிரசம் கொண்டு வந்தாள். தெருவே தோட்டத்துக்குள் வந்துவிட்டது. என்னுடைய டேப்பால் அளக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்கள். எங்களுடையது ஐந்தடி நாலரை. கோதண்டத்துடையது ஐந்தடி ஐந்தேகால். தொப்பையும் உண்டு, நீளமும் உண்டு.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "டேப்பு பழசு. இஸ்து இஸ்து நீண்டு பூட்டுது. இது செல்லாது."

உடனே கீழேயிருந்து ஒரு குரல்: "எங்க நைனா டேப்பு பொய் சொல்லாது!"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு லூர்து. மாமாவைப் பார்த்து முறைக்கிறாள். எங்கள் கட்சியே அதோடு கவிழ்ந்தது.

"அப்டி போடு பாப்பா!" என்று கோதண்டம் குதித்தார். "உன் நைனா டேப்புதான் டேப்பு!"

முன்னால் நான், பின்னால் மாமா, தோள்மேல் கோதண்டத்தின் புடலங்காய். கோயில் தெரு முனை வரை. தெருப் பிள்ளைகள் தகரம் தட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் லூர்து, கையில் அதிரசத்தோடு, ஜெயித்தவள் மாதிரி.

எங்க நைனா. என்னிடம் சொல்லவில்லை, ஊரிடம் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள்.

அக்டோபர் 31

துறைமுகத்தில் புயல் கொடி. கிரேன்களைக் கட்டி முடித்துவிட்டு ஓடி வந்து பந்தலைக் கட்டினேன். எதை முதலில் கட்ட மனம் அடித்துக்கொண்டது என்று எழுத மாட்டேன்.

நவம்பர் 2, புதன், கல்லறைத் திருநாள்

காற்று வடக்கே போய்விட்டது. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு. ஐரீனின் மேட்டில் மண் சரிந்திருந்தது. நானும் லூர்தும் கையாலேயே தட்டி நிமிர்த்தினோம். மெழுகுவர்த்தி நிற்கவில்லை. லூர்து என் கோட்டுப் பையில் கை விட்டு நட்டை எடுத்து மண்ணில் பதித்தாள். துளைக்குள் மெழுகுவர்த்தியைச் செருகினாள். நின்றது.

இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை?

எரிந்து முடிந்ததும் நட்டைத் துடைத்து என்னிடமே கொடுத்தாள். இன்னும் பதினெட்டு நாள். இருபதாம் தேதி இந்தக் கை கொச்சிக்குப் போய்விடும். சரி என்று சொன்னவன் நான்தான்.

நவம்பர் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா லூர்தின் சட்டைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது இங்கியே இருக்கட்டும்."

"எது? பொட்டியா?"

"லூர்து."

மடித்த சட்டை கையிலேயே இருந்தது. அவள் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒம்போது மாசமா எங்கடா போயிருந்தே? அதுக்கு அம்மை போட்டப்போ மடிய வுட்டு எறக்காம வச்சிகினு கெடந்தேன். நீ செவுத்த பாத்துகினு இருந்தே. இப்ப நாலு புடலங்கா காய்ச்சதும் அப்பன் ஆயிட்டியா?"

அத்தனையும் நிஜம்.

"இல்லக்கா — எனக்கு — சோறு ருசிக்கிதுக்கா. இப்பத்தான். அதுக்குள்ள கூட்டிகினு பூடாதக்கா."

இதுவா பதில்? வேறு வரவில்லை. என் அக்காவிடமிருந்து பிடுங்குகிறேன். தெரிந்துதான் பிடுங்குகிறேன். அவள் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 9

அக்கா என்னிடம் பேசவில்லை. தட்டு மட்டும் வருகிறது. மாமா தோட்டத்தில், "வுடு மச்சான், அவ அழுது முடிக்கட்டும்," என்றார். அவர் கண்ணும் சரியில்லை.

மாமாவே மதிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் லூர்தைச் சொக்கம்மாள் பார்த்துக்கொள்வாள். "புள்ளய வச்சிகிறதுக்கு இன்னா கேள்வி? மதில்ல நாலு கல்ல எடுத்துட்டா நடந்தே வந்துடும்," என்றாளாம். கோதண்டம் உடனே கடப்பாரையைத் தேடியிருக்கிறார்.

நவம்பர் 13, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது அக்கா சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் என் முன்னால் வைத்தாள். லூர்தையும் உட்கார வைத்தாள்.

பின்னல் என்பது மூன்று புரிக் கயிறுதானே? தினம் பார்க்கிற வேலை. பிரித்தேன், முறுக்கினேன், இழுத்தேன்.

"ஆ!" என்றாள் லூர்து.

"டேய், இஸ்துக் கட்டாத! அது தலைடா, கிரேன் இல்ல!"

ஒரு வாரத்தில் அக்கா பேசின முதல் வார்த்தை. சொன்ன பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, அழுகையும். என் கையைப் பிடித்து எந்த இடத்தில் தளர்த்த வேண்டும் என்று காட்டினாள். மூன்று தடவை அவிழ்த்தோம். பூசைக்குத் தாமதம்.

நவம்பர் 17

முதல் அவரை பறித்தோம். ஒரு முறம். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து நார் உரித்தோம். கொச்சியில் அவரை கிடைக்குமா என்று ஒரு மணி நேரம் பேச்சு. யாருக்கும் தெரியாது. விதைக்கு விட்ட எங்கள் ஐந்தடி நாலரை பழுத்துச் சிவந்துவிட்டது. பாதி விதையை அக்காவின் பெட்டியில் வைத்தேன். பார்த்தாள். எடுக்கவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

ஸ்டேஷனில் கூட்டம். அக்கா லூர்தை இறக்கவே இல்லை, மணி அடிக்கும் வரை. பிறகு என் கையில் கொடுத்தாள். "எண்ணெ வாரத்துக்கு ரெண்டு தபா. மறந்துடாத," என்றாள். ஜன்னலுக்குள்ளிருந்து குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன். பை காலி. நட்டு எங்கே விழுந்ததோ.

டிசம்பர் 1

கொச்சியிலிருந்து கடிதம். அக்கா சொல்ல மாமா எழுதியிருக்கிறார். சுகமாகப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு கிடைத்திருக்கிறது, பின்னால் கொஞ்சம் மண்ணும். புடலை விதையை ஆடி வரை பத்திரமாக வைப்பார்களாம். அப்புறம் இது:

"உன் அக்காள் முந்தானை நுனியில் இரும்பு நட்டு ஒன்று வாழை நாரில் கட்டியிருந்தது. ரயிலில் பாதி வழியில்தான் பார்த்தாள். முடிச்சு ஏழு. நான் அவிழ்க்கப் போனேன். கையில் அடித்துவிட்டாள். இன்னும் அப்படியேதான் கட்டிக்கொண்டு திரிகிறாள்."

லூர்து அவரைப் பந்தலுக்குக் கீழே இருந்தாள். படித்துக் காட்டினேன்.

"அத்தை நேரா ஆயிட்ச்சா?"

"இன்னும் கொஞ்ச நாளு ஆவும்."

"உனுக்கு எத்தினி நாளு ஆச்சி நைனா?"

உள்ளே போய் இந்த நோட்டை எடுத்து வந்து புரட்டினேன். வால் முளைத்தது அக்டோபர் பன்னிரண்டு. அக்காவிடம் சொன்னது நவம்பர் ஆறு. "இருபத்தஞ்சி நாளு," என்றேன்.

ஒரு அவரைக்காயைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்து விதை எண்ணிக்கொண்டே யோசித்தாள்.

"நீ ரொம்ப வளைஞ்சிகினு இருந்தே," என்றாள்.